சோழகக் காற்றில் சாடிக்கள்ளி

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் முற்றம் உள்ள வீடு இப்போது அரிது. மாடிக்கு மேல் மாடி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதிரை போடுமளவுக்கு ஒரு பல்கனி. மல்லிகைப் பந்தலுக்கு அங்கே இடமில்லை. உள்ளங்கை அகலச் சாடியில் நிற்கிற கள்ளிக்கு இடம் உண்டு. ஆசையாக வாங்குகிறார்கள். ஆனால் வாங்கியவற்றில் பல அடுத்த மழைக்காலத்தைத் தாண்டுவதில்லை. "அன்ரி, நான் தண்ணியே பெரிசா விடேல்லை, எண்டாலும் அழுகிப்போச்சு" என்று அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சாடியும் கையுமாக வந்து நிற்பார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். அவர்கள் விடாத தண்ணீரைக் கொழும்பு விட்டிருக்கிறது.

இந்த நகரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை. மழை பெய்யாத நாளிலும் காற்று ஈரம். கள்ளி வளர்ப்புப் புத்தகங்களில் பெரும்பாலானவை குளிர்காலம் உள்ள நாடுகளில் எழுதப்பட்டவை. அவை உறைபனியிலிருந்து செடியைக் காப்பாற்றச் சொல்லித்தரும். நாங்கள் காப்பாற்ற வேண்டியது ஈரத்திலிருந்து. "கிழமைக்கு ஒரு தரம்" என்ற கணக்கை விட்டுவிட்டு, அவரவர் பல்கனியின் காற்றையும் வெயிலையும் பார்த்து வளர்க்கப் பழகினால், இங்கே கள்ளி அழகாக வளரும். பல ஆண்டுகளாக இந்தச் செடிகளோடு இருந்ததில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்.

கள்ளி பகலில் தன் தோலிலுள்ள துளைகளை மூடிவைத்து இரவில் திறக்கும். இரவில் உள்ளே எடுத்த காபனீரொட்சைட்டை அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெளிச்சத்தில் உணவாக்கும். வறண்ட நிலத்தில் நீரை மிச்சம்பிடிக்க வந்த ஏற்பாடு அது. கொழும்பின் இரவு பெரும்பாலும் 22 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை, காற்றிலும் ஈரம் நிறைந்திருக்கும். அந்தக் காற்றில் செடி இழக்கும் நீர் சொற்பம். இழக்காத செடி வேரால் அதிகம் உறிஞ்சாது. மண்ணும் தானாக உலராது. ஈரம் கட்டிய மண்ணில் காற்று நுழைய வழியில்லாமல் வேர் சாகும், செத்த வேர் வழியே பங்கசு ஏறும். தோல் பச்சையாக இருக்கும்போதே அடிப்பாகம் உள்ளுக்குள் கூழாகிவிடும்.

ஆகவே கலவைதான் முதல் வேலை. நாற்றுமேடைகளிலிருந்து வரும் சிறு செடிகள் பெரும்பாலும் தும்புத்தூளில் நிற்கும். தும்புத்தூள் தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும். விற்பனைக்கு வைத்திருக்கும் நாட்களுக்கு அது சரி, வீட்டுக்கு வந்தபின் சரிவராது. செடியைக் கழற்றி, வேரைச் சுற்றியிருக்கும் தும்புத்தூளை மெதுவாக உதிர்த்துவிட்டு, சில நாள் நிழலில் வெறும் வேரோடு உலர விடுவேன். பிறகு மூன்று பங்கு கல், ஒரு பங்கு கூட்டெரு என்ற கலவையில் நடுவேன். கல் என்பது சலித்தெடுத்த சிறுசல்லி, உடைத்த செங்கல், மரக்கரி. அந்தூரியமும் ஓர்க்கிட்டும் வளர்ப்பவர்கள் பாவிக்கும் அதே செங்கலும் கரியும்தான். பக்கத்தில் இருக்கிறது என்று கடற்கரை மணலை அள்ளி வரக்கூடாது. உப்பும் உண்டு, பொடியாக இறுகியும் விடும். சாடி மண்சாடியாக இருந்தால் அதன் சுவரே ஈரத்தை வெளியே விடும். செடியைவிட அரை அங்குலம் அகலமான சாடி போதும். பெரிய சாடியில் வேர் போகாத மண் ஈரமாகவே கிடக்கும்.

தண்ணீர் விடுமுன் விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, சாடியின் ஓரமாக அடிவரை குத்திச் சிறிது நேரம் விட்டு எடுத்துப் பார்ப்பேன். நுனி கறுத்தோ குளிர்ந்தோ இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. மேல்மண் காய்ந்து வெளிறியிருக்கும்போதும் அடியில் ஈரம் இருப்பதை ஈர்க்குக் காட்டிக்கொடுக்கும். அடிவரை காய்ந்திருந்தால் கீழ்த்துளையால் வழியுமளவுக்கு ஒருமுறை நன்றாக விடுவேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதால் வேருக்கு ஒன்றும் போய்ச் சேராது. கொடியில் போட்ட துவாய் பின்னேரம்வரை உலராத நாட்களில் ஈர்க்கைக் குத்திப் பார்க்கவே தேவையில்லை.

அடுத்தது வெயில். தெற்குப் பார்த்த சன்னல்தான் சிறந்தது என்று புத்தகங்கள் சொல்லும். கொழும்பு வட அகலாங்கு 7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வந்து, அதன்பின் வடக்கே சரிந்து, செப்டெம்பர் முதல் வாரத்தில் மறுபடி உச்சியைக் கடந்து தெற்கே போகும். தெற்குப் பல்கனிக்கு மார்கழியில் நல்ல வெயில் உள்ளே வரும், ஆனியில் நேர்வெயில் ஒரு துளியும் வராது. வடக்குப் பல்கனிக்கு ஆனியில் வெயில் வந்தாலும் சூரியன் உச்சிக்கு அண்டியே நிற்பதால், மேல்மாடித் தட்டின் நிழல் போக விளிம்போரம் மட்டுந்தான் கிடைக்கும். ஆகவே ஆண்டில் இரண்டு முறை, இரண்டு கிழமைகளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாடிகளை இடம் மாற்ற வேண்டும். திடீரென வெயிலில் வைத்தால் தோல் வெந்து வெள்ளைத் தழும்பு விழும், அது பிறகு மாறாது. வெயில் போதாவிட்டால் நுனி மெலிந்து வெளிறி மேலே நீளும்.

மேற்குப் பல்கனிக்கு ஆண்டு முழுதும் பின்னேர வெயில் கிடைக்கும். வைகாசியில் சோழகம் தொடங்கினால் தூவானமும் உப்புக்காற்றும் நேரே அங்கேதான் அடிக்கும். அந்த மாதங்களில் மேற்கே நிற்பவற்றை உட்சுவரோடு நகர்த்திவிடுவேன். ஐப்பசி, கார்த்திகையில் பின்னேர இடிமழை எந்தத் திசையிலிருந்தும் வரும். கொட்டாஞ்சேனையில் என் மச்சாள் வீட்டில் நிலைமை வேறு. பழைய வீடு, நடுமுற்றம். கடற்காற்று உள்ளே வராது, தூவானமும் இல்லை. மத்தியானத்தை ஒட்டிய வெயில் மட்டும் நேராக இறங்கும், மழையும் அப்படியே நேராக இறங்கும். அவர் முற்றத்தின் ஒரு மூலையில் ஒளி ஊடுருவும் தகடு போட்டு, அதன் கீழே தட்டுகளை அடுக்கியிருக்கிறார். காற்றோட்டம் குறைவு என்பதால் எனக்குக் காயும் கலவை அவருக்குக் காயாது. அவர் எருவை இன்னும் குறைத்து நடுகிறார். ஒரே நகரம், ஒரே செடி, இரண்டு கைமுறை.

எதை வளர்ப்பது என்பதிலும் ஊரைக் கேட்க வேண்டும். அந்தீஸ் மலையின் ரெபூசியா போன்றவை குளிர்காலத் தூக்கம் இல்லாமல் பூப்பதில்லை. நுவரெலியாவில் அவற்றுக்கு வாழ்வுண்டு, வெள்ளவத்தையில் வாடும். கரிபியன் தீவுகளிலும் பிரேசிலிலும் வளரும் மெலோகக்டஸ் எங்களுக்கு ஏற்றது. அவற்றில் சில கடலோரத்திலேயே வளர்பவை. வெக்கையைத் தாங்கும், குளிரைத்தான் தாங்காது. முதிர்ந்தபின் உடல் வளர்வதை நிறுத்தி, தலையில் கம்பளிக் குல்லாய் கட்டி, அதிலிருந்து இளஞ்சிவப்பாய்ப் பூக்கும். ஜிம்னோகலீசியம் அரைநிழலிலும் பூக்கும். சிவப்பு, மஞ்சள் தலையோடு கடைகளில் நிற்பதும் அதன் ஒரு வகையே. பச்சையம் இல்லாத அந்தத் தலை தானாக வாழாது, டிராகன் பழக் கொடியில் ஒட்டியிருப்பதால் வாழ்கிறது. அதன் ஆயுள் சில ஆண்டுகளே என்று தெரிந்து வாங்குங்கள். இரவில் மலர்ந்து விடியுமுன் வாடும் கடுபுல் பூவும் கள்ளிக் குடும்பமே. அது மரத்தில் தொற்றி வளரும் செடி, ஆகவே நிழலும் கொஞ்சம் கூடுதல் ஈரமும் கேட்கும்.

கள்ளி இனங்கள் ஏறக்குறைய எல்லாம் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. அதற்கு வெளியே இயற்கையாக வளர்வது ரிப்சாலிஸ் பாக்சிஃபெரா ஒன்றே. அது ஆபிரிக்காவிலும் மடகஸ்காரிலும் இலங்கையிலும் உண்டு. முள்ளில்லாத மெல்லிய கயிறுகளாக எங்கள் ஈரக்காடுகளின் மரங்களில் தொங்கி, சிறு வெள்ளைக் கனி காய்க்கும். கள்ளி என்றால் பாலைவனம் என்று நினைத்துச் செடியைக் காயப்போட்டே கொல்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

மழைக்காலத்தில் பூச்சியும் வரும். முள்ளிடுக்கில் பஞ்சுப் பொட்டாக மாவுப்பூச்சி தெரிந்தால், சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டெடுப்பேன். காரணமின்றிச் செடி சுருங்கினால் கழற்றி வேரைப் பார்க்க வேண்டும், அங்கேயும் அது குடியிருக்கும். அடி மெத்தென்று அமுங்கினால் கத்திதான் வழி. ஸ்பிரிட்டால் துடைத்த கத்தியால் மெல்லிய வட்டங்களாக மேல்நோக்கிச் சீவிக்கொண்டு போவேன். நடுவிலுள்ள வளையத்தில் செம்மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஒரு புள்ளி இருந்தாலும் இன்னொரு வட்டம் சீவ வேண்டும், ஒவ்வொரு சீவலுக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும். வெட்டுமுகம் முழுக்கச் சுத்தமான பச்சையாக வந்தபின் கறுவாத்தூளைத் தடவி, காற்றோட்டமான நிழலில் வைத்துவிடுவேன். புண் ஆறித் தோல் கட்டியபின் உலர்ந்த கலவையின் மேல் வைத்தால் புதுவேர் விடும்.

வெட்டிய துண்டுகளை வெளியே எறியாதீர்கள். நாகதாளி எனும் சப்பாத்திக்கள்ளியும் எங்கிருந்தோ கொண்டுவரப்பட்ட செடிதான். அது பரவி நிலத்தை மூடியதால், 1860களில் தென்னிந்தியாவிலிருந்து ஒரு கொச்சினீல் பூச்சியை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அது ஒரு வகையை அடக்கியது. இன்னொரு வகைக்காக 1920களில் வேறொரு பூச்சி வந்தது. அப்படியிருந்தும் இலங்கையின் முதலாவது ராம்சார் ஈரநிலமாக 1990இல் அறிவிக்கப்பட்ட புந்தலவில் நாகதாளி இன்றும் தொல்லை. ஒரு சிறு துண்டும் வேர்விடும் என்பது எங்களுக்கு வரம், காட்டுக்குக் கேடு.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒரேயொரு செடியோடு தொடங்குங்கள். அதை ஒரு சோழகமும் ஓர் ஐப்பசி மழையும் தாண்டவைத்தபின் இரண்டாவதை வாங்குங்கள். அதற்குள் உங்கள் பல்கனியில் வெயில் எங்கே விழுகிறது, தூவானம் எதுவரை வருகிறது என்று கைக்குப் பழகியிருக்கும். எங்கள் நகரத்துக்கான கள்ளிப் புத்தகத்தை வேறு யாரும் எழுதித் தரமாட்டார்கள், அதை நாங்களே சேர்க்க வேண்டும். ஆகவே குட்டி பிரித்து யாருக்காவது கொடுக்கும்போது சாடியை மட்டும் கொடுத்தனுப்பாதீர்கள். உங்கள் பல்கனி எந்தத் திசை, எந்த மாதத்தில் உள்ளே எடுத்தீர்கள், கலவையில் என்ன போட்டீர்கள் என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.