பீரோ சாவியும் மோசேயின் மாமனாரும்

சென்ற மாதம் எங்கள் பங்கில் புதிய பங்குப்பேரவை அமைந்தது. உறுப்பினர்களில் பாதிப் பேர் நாற்பது வயதுக்கும் குறைவானவர்கள். "ஐயா, நல்ல கிறிஸ்தவத் தலைவரா இருக்கிறது எப்படின்னு இவங்களுக்கு ஒரு இருபது நிமிஷம் பேசுங்க. விவிலியத்திலிருந்து நாலு உதாரணம் சொன்னா போதும்" என்று பங்குச்சாமியார் கேட்டுக்கொண்டார். பெரியவர் என்று மதித்துக் கேட்கிறாரே என்று ஒத்துக்கொண்டேன்.

வீட்டில் சொன்னதும் என் மனைவி சிரித்துவிட்டாள். "நீங்களா? பீரோ சாவிய இடுப்பிலயே வச்சிக்கிட்டுத் திரிஞ்ச கதையையும் சேர்த்துச் சொல்வீங்களா?" என்றாள்.

அன்று இரவு யோசித்துப் பார்த்தேன். அந்தக் கதையை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் அது பேச்சாக இருக்கும், பாடமாக இருக்காது. அதனால் அதையும் சேர்த்தே சொன்னேன். அங்கே சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பணி ஓய்வு பெற்ற மறு ஆண்டே எங்கள் கோவில் திருவிழாக் குழுவுக்குச் செயலாளர் ஆனேன். 11 ஆண்டுகள் இருந்தேன். அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளியவன் அல்லவா, கணக்குப் புத்தகம், ரசீதுப் புத்தகங்கள், காவல் துறை அனுமதிக் கடிதம், பந்தல்காரர், தேர் அலங்காரம் செய்பவர் என எல்லாமே என் கையில். கோவில் அலுவலக பீரோவின் சாவி என்னிடம் மட்டும்தான். என்னைக் கேட்காமல் ஒரு டியூப்லைட் வாங்க முடியாது. பட்டப்படிப்பு முடித்த ஒரு பையன், "அங்கிள், கணக்கு எழுத நானும் கத்துக்கிறேன்" என்று வந்தான். "தம்பி, இது கோவில் பணம், விளையாட்டு இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நேர்மையாக இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓர் ஆண்டு கொடியேற்றத்துக்கு மூன்று நாள் முன்பு எனக்கு டெங்கு காய்ச்சல். மருத்துவமனையில் சேர்த்தார்கள். எந்தக் கடிதம் எங்கே இருக்கிறது, யாருக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்தாயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. என் மனைவி சாவியைக் கொடுத்தனுப்பினாள். திறந்து பார்த்தவர்களுக்கு என் அடுக்குமுறை புரியவில்லை. தேர்ப்பவனி எப்படியோ நடந்தது. ஆனால் எல்லோரும் பட்ட பாடு பெரிது.

பங்குச்சாமியார் என்னைப் பார்க்க வந்தார். ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. "உடம்பு தேறினதும் விடுதலைப் பயணம் 18-ஆம் அதிகாரத்தைப் படிங்க ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நாங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நாளில் விவிலியத்தை நேராகக் கையில் கொடுக்க மாட்டார்கள். 'இஸ்துவார் சேந்த்' என்று படம் போட்ட திருவரலாற்றுப் புத்தகம்தான். அதில் செங்கடலைப் பிளந்த மோசே என் நினைவில் நின்றார். மாமனாரிடம் அறிவுரை கேட்ட மோசே நிற்கவில்லை.

அந்த அதிகாரத்தில் மோசேயின் மாமனார் இத்திரோ, தன் மகளையும் இரண்டு பேரப்பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு பாலைநிலத்துக்கு வருகிறார். மறுநாள் மோசே வழக்கு விசாரிக்க உட்காருகிறார். காலை முதல் மாலை வரை மக்கள் காத்து நிற்கிறார்கள். இதைப் பார்த்த மாமனார், இது சரியில்லை, இப்படிச் செய்தால் நீயும் ஓய்ந்துபோவாய், இந்த மக்களும் ஓய்ந்துபோவார்கள் என்கிறார். ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை ஏற்படுத்து, பெரிய வழக்குகள் மட்டும் உன்னிடம் வரட்டும் என்கிறார். ஆட்களைத் தேர்ந்தெடுக்கவும் அளவுகோல் தருகிறார். திறமை, தெய்வ பயம், நாணயம், கைக்கூலியை வெறுக்கும் குணம்.

அந்த வரிசையை நான் அறிவேன். பணியில் இருந்த நாளில் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதைத் தினமும் பார்த்திருக்கிறேன். ஒரு கையெழுத்துக்காகக் காலையில் வந்தவர் மாலை வரை நின்றிருப்பார். கையெழுத்துப் போட வேண்டியவர் தான் மிகவும் உழைப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். நிற்பவரின் கால்வலி அவருக்குத் தெரியாது. கோவிலில் அந்த மேசைக்காரன் நான்தான் என்று அன்றுதான் உறைத்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இத்திரோ இஸ்ரயேலர் அல்லர், மிதியான் நாட்டுக் குரு. கடவுளோடு பேசிய மோசே, வெளியாள் சொன்ன குறையைக் கேட்டு அப்படியே செய்தார். மாமனார் சொல்லைக் கேட்கும் மருமகன்கள் நம்மில் எத்தனை பேர்?

அதன்பின் நெகேமியாவைப் படித்தேன். பாரசீக மன்னருக்குத் திராட்சை இரசம் பரிமாறிய பணியாளர் அவர். எருசலேமின் மதில் இடிந்து கிடப்பதைக் கேள்விப்பட்டு அழுகிறார், மன்றாடுகிறார், விடுப்புக் கேட்டுப் புறப்படுகிறார். போன உடனே கூட்டம் போட்டுப் பேசவில்லை. இரவில் ஒருசிலரோடு போய் மதிலைச் சுற்றிப் பார்க்கிறார். பிறகுதான் மக்களைக் கூப்பிடுகிறார். 52 நாளில் மதில் எழும்பிவிட்டது.

மூன்றாம் அதிகாரத்தைப் பலர் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள், வெறும் பெயர்ப் பட்டியல் என்று. எழுத்தராக இருந்த எனக்கோ அது வருகைப் பதிவேடு போலத் தெரிந்தது. எந்த வாயிலை யார் கட்டினார், அவருக்கு அடுத்து யார் என்று ஒவ்வொருவராக எழுதியிருக்கிறார். தலைமைக் குருவே ஆட்டு வாயிலைக் கட்டுகிறார். பொற்கொல்லர், நறுமணத் தைலம் செய்பவர், வணிகர் எல்லோரும் கல் சுமக்கிறார்கள். சல்லூம் என்பவர் தம் பெண்மக்களோடு வேலை செய்கிறார். தெக்கோவாவின் பெருந்தனக்காரர்கள் தோள்கொடுக்க மறுத்ததும் பதிவாகியிருக்கிறது. நெகேமியா என்று ஒரு பெயர் வருகிறது, ஆனால் அவர் அஸ்பூக்கின் மகன், வேறு ஆள். பட்டியலில் தன் பெயரைத் தலைவர் எழுதிக்கொள்ளவில்லை. 12 ஆண்டுகள் ஆளுநராக இருந்தும், மக்கள் சுமை தாங்க மாட்டார்கள் என்று ஆளுநருக்கு உரிய உணவுப் படியை அவர் வாங்கவும் இல்லை.

என் 11 ஆண்டுத் திருவிழா அறிக்கைகளை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் கீழே என் பெயர் இருந்தது. பாத்திரம் கழுவிய பெண்களின் பெயர் ஒன்றில்கூட இல்லை.

அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். "தம்பி, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. மன்னிச்சிடு. வந்து பொறுப்பை எடுத்துக்கோ" என்றேன். அவன் உடனே தலையாட்டவில்லை. "பழைய கணக்கை முதல்ல நான் பார்க்கலாமா அங்கிள்?" என்று கேட்டான். சுருக்கென்றது. பேசாமல் சாவியைக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து வந்தான். முந்தின ஆண்டின் ஒரு ரசீதுப் புத்தகம் வரவில் ஏறவே இல்லை. 6,350 ரூபாய். எப்படித் தவறியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "யாருக்கும் சொல்ல வேணாம் அங்கிள், சரி பண்ணிடலாம்" என்றான். அன்று இரவு நான் தூங்கவில்லை. நேர்மைதான் என் ஒரே பெருமை.

1 சாமுவேல் 12-ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. தலை நரைத்த சாமுவேல் மக்கள் முன் நின்று, யாருடைய எருதையாவது, கழுதையையாவது எடுத்துக்கொண்டேனா, யாரையாவது ஒடுக்கினேனா, யாரிடமாவது கைக்கூலி வாங்கினேனா, சொல்லுங்கள், திருப்பித் தருகிறேன் என்று கேட்கிறார். இல்லை என்று மக்கள் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பதில் கிடைக்காது. ஆனாலும் கேட்க வேண்டுமே. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், சாமியாரிடம் சொல்லிவிட்டு மைக்கின் முன் நின்றேன். தொகையைச் சொன்னேன், கட்டிவிட்டேன் என்றும் சொன்னேன். கால் நடுங்கியது. வெளியே வந்தபோது, எனக்கு மூத்தவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை.

பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கில் பன்னிருவரில் ஒருவனாக நானும் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் போவேன். எல்லோரும் அப்படித்தான். போப் பிரான்சிஸ் பதவிக்கு வந்த 2013-இல் உரோமையில் இளங்குற்றவாளிகள் இருக்கும் சிறைக்குப் போய்க் கால் கழுவினார். அங்கே பெண்பிள்ளைகளும் இருந்தார்கள், இஸ்லாமியரும் இருந்தார்கள். குனிந்து கழுவுவது கடினம்தான். அழுக்குக் காலை நீட்டுவது அதைவிடக் கடினம். இராயப்பரே முதலில் மறுத்தார். அந்தப் பையன் கணக்கைப் பார்க்கக் கேட்டபோது நான் நீட்டியது அழுக்குக் காலைத்தான்.

பிரெஞ்சில் தலைவரை 'ஷெஃப்' என்போம். தலை என்ற பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது, நம் தலைவரைப் போலவே. அமைச்சருக்கு 'மினிஸ்த்ர்'. அதன் மூலப் பொருள் பணியாள். இரண்டாவது சொல்லைத்தான் நம் ஆண்டவர் தேர்ந்தெடுத்தார் என்று சொல்லிப் பேச்சை முடித்தேன். இருபது நிமிடம் முப்பத்தைந்து ஆகியிருந்தது.

பின்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "அங்கிள், அந்தச் சாவி இப்ப யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டாள்.

"மூணு பேர்கிட்ட இருக்காம்மா. எந்த மூணு பேர்னு எனக்குத் தெரியாது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும்தான்.