எஞ்சினை இறக்கணும் சார்!

பழைய கார் வைத்திருப்பவன் வயிற்றில் புளியைக் கரைக்கும் வாக்கியம் ஒன்று உண்டு. "எஞ்சினை இறக்கணும் சார்!" டாக்டர் 'அட்மிட் பண்ணிடுங்க' என்பாரே, அதே குரலில் மெக்கானிக் சொல்வார். கேட்டதும் முதலில் இறங்குவது நம்ம பாங்க் பேலன்ஸ்தான்.

என்னுடையது 1984 மாடல் பிரீமியர் பத்மினி. 1089 சி.சி., நாலு சிலிண்டர், ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர். அப்பா ஓட்டிவிட்டுக் கொடுத்தது. மும்பையின் கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் ரிடையர் ஆகிவிட்டது. என் வண்டி மட்டும் வி.ஆர்.எஸ். வாங்க மறுத்து, வாரா வாரம் அம்மாவை பிசியோதெரபிக்குக் கூட்டிப் போகிறது.

போன வருஷம் கத்திரி வெயிலில் அதற்கு ஒரு வியாதி வந்தது. காலையில் ஜம்மென்று கிளம்பும். அரை மணி ஓடினால் திணறி நின்றுவிடும். பானெட்டைத் திறந்து வைத்து, நிதானமாக ஒரு டீ குடித்துவிட்டு வந்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். (எங்கள் ஹெட்கிளார்க்கும் இதே ரகம்.)

ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். எட்டிப் பார்த்தார். பானெட்டில் ஒரு தட்டு தட்டினார். "எஞ்சினை இறக்கி போர் பண்ணணும். நாற்பதாயிரம் ஆகும்." தங்கச்சி வளைகாப்புக்கு எடுத்து வைத்திருந்ததே ஐம்பதாயிரம்தான்!

நான் மெக்கானிக் இல்லை, குமாஸ்தா. ஆனால் ஃபைலைப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்பது குமாஸ்தாவுக்குத் தெரியும்.

போர் தேய்ந்த எஞ்சின் நீலப் புகை விடும், ஆயிலைக் குடிக்கும், மேட்டில் இழுக்காது. ஒரு டீ குடிக்கிற நேரத்தில் குணமாகவும் செய்யாது. சூட்டில் நின்று, ஆறினால் ஓடுகிறது என்றால் சந்தேகம் இரண்டு பேர் மேல். ஒன்று, பெட்ரோல். எஞ்சினோடு ஒட்டியிருக்கும் பம்ப்பில் சூடேறி, பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் வெறும் காற்றை இழுத்துத் தவிக்கும். ஈரத் துணி போட்டால் அடங்குவது இந்த வியாதிதான். இன்னொன்று, கரண்ட். வயதான இக்னிஷன் காயில் சூடானால் உள்ளே கைவிட்டுவிடும், பொறி வராது.

யார் குற்றவாளி? வண்டி நின்ற அந்த நிமிஷத்திலேயே பிடிக்க வேண்டும். ஆற விட்டால் சாட்சி கலைந்துவிடும்!

ஞாயிற்றுக்கிழமை மச்சினனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். சைதாப்பேட்டை தாண்டி, சொல்லி வைத்தாற்போல நின்றது. ஒரு பிளக் ஒயரைக் கழற்றி ஸ்பேர் பிளக்கில் மாட்டி, அதன் இரும்பு உடம்பு எஞ்சினில் படும்படி வைத்துவிட்டுக் கையை எடுத்தேன். மச்சினன் சாவியைத் திருப்பினான். பொறி இல்லை! அரை மணி கழித்து அதே சோதனை. பளிச்சென்று நீலப் பொறி. ஆக, பெட்ரோல் நிரபராதி.

டெல்கோவுக்குள் இருக்கும் கண்டன்சருக்கும் இதே குணம் உண்டு. விலை குறைச்சல் என்பதால் அதை முதலில் மாற்றினேன். மறுபடி நின்றது. அடுத்து காயில். அதோடு சரி, நிற்கவில்லை. மொத்தச் செலவு ஆயிரத்து இருநூறு ரூபாய்.

உங்கள் வீட்டிலும் அப்பா காலத்து வண்டி இருந்தால் இன்னும் கொஞ்சம் கேளுங்கள். செல்ஃப் எடுக்காமல் 'டிக்' என்று மட்டும் சத்தம் வந்தால், புது பேட்டரிக்கு ஓடாதீர்கள்; டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பூவை முதலில் சுத்தம் பண்ணி, நட்டை இறுக்குங்கள். சூடு ஏறினால் ஃபேன் பெல்ட் தொளதொளவென்று இருக்கிறதா பாருங்கள். கொதிக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே தொடாதீர்கள். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம் எரிகிறது. சோக்கையும் ஏர் ஃபில்டரையும் கவனியுங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் காபி நிறத்தில் வந்தால் மட்டும் வண்டியை நகர்த்தாதீர்கள். ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். அப்போது மெக்கானிக் 'இறக்கணும்' என்றால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

வளைகாப்பு ஜோராக நடந்தது. தங்கச்சியை பத்மினியில்தான் அழைத்து வந்தேன்.

"வழியில நிக்காதே மச்சான்?" என்றார் மாப்பிள்ளை, சந்தேகமாக.

"நிக்கும் மாப்பிள்ளை. டீ குடிக்க. ஆனா, இப்ப டீ எனக்கு!"