நச்சுக் கணவாய் வழியே ஓட்டம்

டார்ஜிலிங்கிலிருந்து ஜீப்பில் ஒரு மணி நேரத்தில் மானேபஞ்சாங் வந்துவிடும். கடைத்தெருவை ஒட்டியே நேபாளம் தொடங்கிவிடுகிற சின்ன ஊர். 1950களில் தயாரான லேண்ட் ரோவர்கள் இன்னும் சில உயிரோடு இருப்பது இந்த ஊரின் பெருமை. சந்தக்பூ மலைப்பாதையில் நெடுங்காலம் வேறெந்த வண்டியும் தாக்குப்பிடித்ததில்லை.

அந்தப் பாதையில்தான் இமாலயன் 100 மைல் பந்தயத்தின் முதல் நாள் ஓட்டம். 1991இல் தொடங்கிய பந்தயம் இது. ஐந்து நாள், 160 கி.மீ. அக்டோபர் கடைசியில், மழை ஓய்ந்து வானம் தெளிந்த பிறகு நடக்கும். ஓட வருபவர்களில் வெளிநாட்டவரே அதிகம். மூட்டை முடிச்சுகள் வண்டியில் போய்விடும். ஓடுபவர் கையில் தண்ணீர், மழைச் சட்டை, அவ்வளவே.

முதல் நாள் 38 கி.மீ. கேட்க ஒன்றும் பெரிதாகத் தெரியாது, மாரத்தானைவிடக் குறைவுதான். ஆனால் சித்ரே வரையிலான முதல் ஏற்றமே பாதிப்பேரை நடக்க வைத்துவிடும். டோங்லூவில் 3,070 மீட்டர் தொட்டதும் நிம்மதி வரும், அது நீடிக்காது. கயிரிபாஸுக்கு இறங்கும்போது, வியர்வை சிந்திச் சேர்த்த உயரத்தில் 450 மீட்டர் பறிபோகிறது. மறுபடி ஏற்றம். காளிபோக்ரியின் கறுத்த குளத்தைத் தாண்டினால் பிக்கேபஞ்சாங். 'பிக்' என்றால் நஞ்சு. நம் சித்த வைத்தியர்கள் சுத்தி செய்து பயன்படுத்தும் நாபி இனச் செடிகள் இந்தப் பக்கம் நிறைய.

மலையேறினால் தலை பிளப்பதும் குமட்டுவதும் இந்தச் செடிகளின் நச்சுக் காற்றால்தான் என்று இமயமலைவாசிகள் பலர் நெடுங்காலம் நம்பினார்கள். செடி பாவம். குற்றவாளி, காற்றில் இல்லாமல் போன ஒன்று. 3,636 மீட்டரில், சந்தக்பூ உச்சியில், காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 3,000 மீட்டருக்கு மேலே தூங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது மலை மருத்துவர்களின் அறிவுரை. இந்தப் பந்தயமோ சுமார் 2,000 மீட்டரில் இருக்கும் ஊரிலிருந்து ஒரே பகலில், அதுவும் ஓடவைத்து, உச்சிக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைக்கிறது. நல்ல உடல்கட்டு இங்கே காப்பு அல்ல. மணிக்கணக்கில் ஓடிப் பழகியவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைப்பதும், நிதானமாக நடந்து வந்தவர் இரண்டாம் முறை சூப் கேட்பதும் சகஜம். 2024இல் சந்தக்பூ வந்த சுற்றுலாப் பயணிகள் மூச்சுத்திணறி இறந்ததுண்டு. அவர்கள் ஓடிக்கூட வரவில்லை.

பிக்கேபஞ்சாங்கிலிருந்து உச்சி வரையிலான கடைசிச் சில கிலோமீட்டர்தான் மிகக் கொடியது. ஐந்து மணிக்கே சூரியன் மறைந்துவிடும். பின்தங்கியவர்கள் டார்ச் வெளிச்சத்தில், ஒவ்வொரு வளைவிலும் 'இதுதான் கடைசி' என்று ஏமாந்தபடி வருவார்கள்.

கூலி மறுநாள் விடியலில் கிடைக்கும். மேகம் இல்லாவிட்டால் கஞ்சன்ஜங்கா மல்லாந்து படுத்த புத்தராகத் தெரியும். மேற்கே மகாலு, லோட்சே, எவரெஸ்ட். உலகின் ஐந்து பெரிய சிகரங்களில் கே2 மட்டும்தான் பாக்கி. அன்று மோலே வரை போய்த் திரும்பும் 32 கி.மீ., இந்தக் காட்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லைக்கோட்டின் முகட்டிலேயே. நெஞ்சு வலியோ, முடிவில்லாத இருமலோ வந்தவரை மட்டும் காட்சி பார்க்க விட்டுவைக்கக் கூடாது. உடனே கீழே இறக்க வேண்டும். இந்த நோய்க்கு இறங்குவதைவிடச் சிறந்த மருந்து இல்லை.

மூன்றாம் நாள் முழு மாரத்தான். முகட்டிலிருந்து ரிம்பிக்கை நோக்கி ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான இறக்கம். மூச்சு திரும்பிவிடும், தொடைகள் போய்விடும். மாலையில் மாடிப்படியில் பின்பக்கமாக இறங்குபவர்களைப் பார்த்து ஊர்ப் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

நான்காம் நாள் பால்மாஜுவா வரை 21 கி.மீ. ஐந்தாம் நாள் 27 கி.மீ., மறுபடி மானேபஞ்சாங். முதல் நாள் புறப்பட்ட அதே கடைத்தெருவில் லேண்ட் ரோவர்கள் அடுத்த சவாரிக்குச் சுமை ஏற்றிக்கொண்டிருக்கும்.