சாவ்ரி பஜார்: மூன்றரை அங்குல முகவரி

சாவ்ரி பஜார் மெட்ரோ நிலையம் தரைக்குச் சுமார் 25 மீட்டர் கீழே இருக்கிறது. 2005இல் திறக்கப்பட்ட அந்த நிலையத்தின் நகரும் படிகளில் ஏறி மேலே வந்தால் ஹவுஸ் காஸி சந்திப்பு. சைக்கிள் ரிக்‌ஷாக்களும் காகித ரீம்களை அடுக்கிய தள்ளுவண்டிகளும் ஒன்றையொன்று நகரவிடாமல் நிற்கின்றன. இங்கிருந்து ஜும்மா மசூதிவரை நீளும் தெரு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. ஒரு பக்கம் பித்தளைக் குழாய்களும் கதவுக் கைப்பிடிகளும்; மறுபக்கம் கல்யாணப் பத்திரிகைகளும் விசிட்டிங் கார்டுகளும்.

'சாவ்ரி' என்ற பெயர் மராத்தியிலிருந்து வந்தது என்பார்கள். ஊர்ப் பஞ்சாயத்து கூடும் பொது இடம் என்று பொருள். தமிழின் 'சாவடி'க்கு உறவுக்காரச் சொல். மொகலாயர் காலத்தில் பிரபுக்களின் மாளிகைகளும் பிறகு நாட்டியப் பெண்களின் மாடிகளும் இருந்த தெரு இது. 1857 கலகத்துக்குப் பிறகு பிரபுக்களும் போனார்கள், அவர்களின் மாளிகைகள் பலவும் போயின. வியாபாரம் மட்டும் நின்றது.

இன்று இங்கே ஒருவருடைய பெயரும் தொழிலும் மூன்றரை அங்குல நீளம், இரண்டு அங்குல அகலத்துக்குள் அடங்கியாக வேண்டும். பர்சில் நுழையும் அளவு அது. அதைவிடப் பெரிதாக அடித்தால் வித்தியாசமாக இருக்கும். ஆனால் வாங்கியவரின் பர்சுக்குள் போகாது. மேஜையிலேயே தங்கி, குப்பைக்குப் போய்ச் சேரும்.

கடைக்கு வருபவர்களில் பெரிய கம்பெனிக்காரர்கள் குறைவு. புதிதாகத் தொழில் தொடங்கும் எலெக்ட்ரீஷியன் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். கடை கிடையாது, பெயர்ப் பலகை கிடையாது. வீடு வீடாகக் கொடுக்கும் அட்டைதான் அவருக்குக் கடை. கல்லாவில் மாதிரி ஆல்பத்தைத் திறந்து வைக்கிறார்கள். கறுப்பு அட்டையில் பொன்னிறத் தகடு, தொட்டால் வெல்வெட், மூலையில் ஒளிரும் பல்பு. கண் அங்கேதான் போகும்.

ஆனால் அவருடைய அட்டை எப்போது படிக்கப்படும்? பெரும்பாலும் மின்சாரம் போன நேரத்தில், ஃப்யூஸ் பெட்டிக்குப் பக்கத்தில், டார்ச் வெளிச்சத்தில். கறுப்பின்மேல் மின்னும் பொன்னெழுத்து அந்த வெளிச்சத்தில் கண்ணைக் கூசவைக்கும். வெள்ளை அட்டையில் கறுப்பு எழுத்து, தொழில் ஒரு வரி, பெயர் ஒரு வரி, எல்லாவற்றையும்விடப் பெரிதாக டெலிபோன் எண். அவருக்கு வேண்டியது இவ்வளவுதான். யாருக்கு, எந்த நிமிடத்தில் அட்டை தேவைப்படும் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதி வடிவமைப்பு முடிந்தது.

மீதிப் பாதி அச்சுத் தொழிலின் கணக்கு. 12க்கு 18 அங்குலத் தாளில் குறுக்கே மூன்று, நெடுக்கே எட்டு என்று 24 கார்டுகள் வசதியாக உட்காரும். விலை மலிவாக வேண்டுமென்றால் பலருடைய கார்டுகளைச் சேர்த்து ஒரே பெரிய தாளில் ஆஃப்செட்டில் அடித்துவிடுவார்கள். மலிவுக்கு விலை உண்டு: பக்கத்து கார்டுக்காகக் கூட்டிய சிவப்பு, இந்தக் கார்டிலும் கொஞ்சம் கூடும். நிறம் முக்கியமானவர்கள் தனியாக அடிப்பது நல்லது. வெட்டும் கத்தி ஒரு மயிரிழை விலகினாலும் ஓரத்து எழுத்து போய்விடும் என்பதால், விளிம்பிலிருந்து மூன்று மில்லிமீட்டராவது உள்ளே தள்ளித்தான் எழுத்து தொடங்க வேண்டும். நான்கு வண்ணம் சேர்ந்த இருண்ட பின்னணியில் பொடி எழுத்தை வெள்ளையாக விட்டால், வண்ணங்கள் சற்றே விலகினாலும் எழுத்து அடைபட்டுவிடும். பளபளக்கும் லேமினேஷன்மேல் பேனா எழுதாது. பின்பக்கத்தை வெறுமையாக விட்டால் வாங்கியவர் அதில் ஒரு தேதியோ விலையோ குறித்துவைப்பார். குறிப்பெழுதிய அட்டையை எளிதில் தூக்கியெறிய மாட்டார்கள்.

மொழிக்கும் தனிக் கணக்கு உண்டு. இந்தி எழுத்துக்கு மேலும் கீழும் குறிகள் வருவதால், ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளி அதற்குப் போதாது. உருதுவின் நஸ்தாலிக் எழுத்து வலமிருந்து இடமாகச் சரிந்து இறங்குவது. அதற்கு உயரம் இன்னும் வேண்டும். ஒரு காலத்தில் மசூதிக்கு அருகிலுள்ள உருது பஜாரில் 'காதிப்' எனப்படும் கையெழுத்துக் கலைஞர்கள் நாணல் பேனாவால் அழைப்பிதழ்களை எழுதிக்கொடுத்தார்கள். 1994இல் இன்பேஜ் மென்பொருள் வந்ததும் அந்த வேலை கம்ப்யூட்டருக்குப் போயிற்று. இடத்துக்கு ஏற்ப எழுத்தை நீட்டவும் குறுக்கவும் காதிப்புக்குத் தெரியும். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவருக்கு அவசரம். எழுத்தை நசுக்கி உள்ளே தள்ளிவிடுவார்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது எண். இந்தியில் 79 'உனாசி', 89 'நவாசி'. இரைச்சலில் ஒன்று மற்றொன்றாகக் கேட்பது எளிது. புரூஃப் இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. வாடிக்கையாளர் 'ஓகே' என்று பதில் அனுப்பிவிட்டால் பிழை அவருடையது. ஆயிரம் அட்டை அடித்த பிறகு ஓர் இலக்கம் தவறு என்று தெரிந்தால், அந்த எலெக்ட்ரீஷியனுக்குப் போவது அச்சுக் கூலி மட்டுமல்ல. ஆயிரம் வீடுகளில் யாரோ ஒரு அந்நியரின் போன் அடித்துக்கொண்டிருக்கும். வேலை வரவில்லையே என்று காத்திருப்பவருக்குக் காரணம்கூடத் தெரியாது.

2020இல் கொரோனா வந்தபோது கைக்குக் கை அட்டை மாறுவது நின்றது. ஜப்பானில் 1994இல் பிறந்த க்யூஆர் குறி அட்டைமேலும் ஏறிவிட்டது. அதற்கும் இரண்டு சென்டிமீட்டர் சதுரமும் சுற்றிலும் வெள்ளை இடமும் வேண்டும். பளபளக்கும் தகட்டில் அடித்தால் கேமரா திணறும். எண்ணை எடுத்துவிட்டுக் குறியை மட்டும் வைப்பவர்களும் உண்டு. போனில் குறியைப் படிக்கத் தெரியாத பாட்டி வீட்டில் தனியாக இருந்தால் அந்த அட்டையால் பயனில்லை.

ஆல்பங்களை மூடிவைத்துவிட்டு செய்ய வேண்டிய கடைசி வேலைக்குச் செலவில்லை. 'ஓகே' அனுப்புவதற்கு முன், நினைவிலிருந்து அல்லாமல் புரூஃபைப் பார்த்து, அதிலுள்ள எண்ணை இன்னொருவர் போனிலிருந்து அழைக்க வேண்டும். சொந்தப் பையிலிருக்கும் போன் அடித்தால் அச்சுக்குக் கொடுக்கலாம்.