கடல் பார்க்கப் போன ஞாயிறு

சிட்னிக்கு வந்து இரண்டு வருடமாகியும் பரமட்டாவுக்கு அப்பால் போயிராத குடும்பங்கள் எம்மிடையே உள்ளன. வேலை, ஆங்கில வகுப்பு, விசாக் கடிதம் என்று நாட்கள் ஓடிவிடுகின்றன. ஆகவே பள்ளி விடுமுறை ஞாயிறொன்றில் பதினொரு குடும்பங்கள் சேர்ந்து புறப்பட்டோம். கையில் இடியப்பப் பார்சலும் ஓப்பல் அட்டையும். வார இறுதியில் எத்தனை தரம் ஏறி இறங்கினாலும் அன்றைய கட்டணம் ஓர் அளவுக்கு மேல் போகாது என்பதைப் புதிதாக வந்தோர் குறித்துக்கொள்ளலாம்.

பரமட்டாவில் ஏறிய ரயில் துறைமுகப் பாலத்தின் மேலாகவே எம்மைக் கொண்டுபோனது. மறுகரையில் மில்சன்ஸ் பொயின்ற்றில் இறங்கி, நடைபாதை வழியாகத் திரும்பி நடந்தோம். வளைவின் உச்சிக்கு ஏறுவதற்குப் பெருந்தொகை கேட்கிறார்கள். நடைபாதைக்கு ஒரு சதமும் இல்லை. குழந்தைகளின் தள்ளுவண்டிக்கு இரு முனையிலும் லிப்ட் உண்டு. 1932 மார்ச் 19இல் திறக்கப்பட்ட இப்பாலத்தில் சுமார் 60 இலட்சம் தறையாணிகள் உள்ளனவாம். "ஆர் எண்ணினது?" என்று ஒரு சின்னவன் கேட்டான். எவரிடமும் பதில் இல்லை.

ஒபரா ஹவுஸ் படத்தில் வெள்ளை வெளேரென்று இருக்கும். கிட்டப்போனால் கூரை முழுவதும் வெள்ளையும் பாலாடை நிறமுமான சின்னச் சின்ன ஓடுகள். பத்து இலட்சத்துக்கும் மேல், சுவீடனில் செய்து வந்தவை. வரைந்தவர் டென்மார்க் நாட்டவரான யோர்ன் உற்சன். வேலை 1959இல் தொடங்கியது. அரசாங்கத்துடன் பிணக்குப்பட்டு 1966இல் அவர் வெளியேறினார். 1973இல் கட்டிடம் திறக்கப்பட்டது. 2008இல் இறக்கும்வரை அவர் அதை நேரில் வந்து பார்க்கவில்லை. 70 இலட்சம் டொலரில் முடியுமென்று தொடங்கி 10 கோடியைத் தாண்டியது. பெரும்பகுதி லொத்தர்ப் பணம்!

அருகிலுள்ள தாவரவியல் பூங்காவில் சாப்பாடு. கடற்காகங்கள் எங்கள் சம்பலையும் விட்டுவைக்கவில்லை.

அடுத்தது ஃபெரி. சேர்குலர் கீயிலிருந்து பரங்காரு வரை படகில் போய், அங்கிருந்து மீன்காட்சியகத்துக்கு நடப்பது எங்கள் திட்டம். துறையில் அம்மா ஒருவர் நின்றுவிட்டார். "எனக்கு அந்தத் தண்ணி போதும் தம்பி. நீங்கள் போயிட்டு வாங்கோ." அவர் 2012இல் படகில் வந்தவர். விமானத்தில் வந்த நாங்கள் ஃபெரியை ஒரு விருந்தாக நினைத்து ஏற்பாடு செய்தோமே தவிர, ஒருவரையும் கேட்கவில்லை. பிழை எங்களுடையது. அவருடன் இன்னும் ஆறு பேர் ஒதுங்கினார்கள். எங்களில் இருவர் துணைக்குப் போக, அவர்கள் கால்நடையாகவே வந்து சேர்ந்தார்கள். அரை மணி நேர நடைதான்.

மீன்காட்சியகத்தில் கண்ணாடிச் சுரங்கத்துக்கு மேலாகச் சுறா போகையில் பிள்ளைகள் போட்ட கூச்சல் சொல்லி முடியாது. அந்த அம்மா அங்கே நிற்கவில்லை. நேரே நடந்து, சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய பிராணி சலாது இலை தின்றுகொண்டிருந்த தொட்டியருகில் போய் நின்றார்.

"இது எங்கட மன்னார்க் கடற்பன்றியெல்லோ!"

ஆம், அதேதான். ஆங்கிலத்தில் டூகொங். பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் கடற்புல் மேய்வது. இறைச்சிக்காகப் பிடித்துப் பிடித்து இன்று அருகிவிட்டது. 2022இல் தமிழ்நாடு அரசு பாக்கு விரிகுடாவில் இதற்கெனப் பாதுகாப்புப் பகுதி ஒன்றை அறிவித்தது. இங்குள்ளது குயின்ஸ்லாந்துக் கரையில் தாயில்லாத குட்டியாக மீட்கப்பட்டது. வளர்த்துக் கடலில் விட்டுப் பார்த்தார்களாம். அதனால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அதற்கு வைத்த பெயரும் 'பிக்', அதாவது பன்றி! இதைச் சொன்னதும் அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

பிறகு பேரப்பிள்ளைகளை இருத்திவைத்துக் கதை சொன்னார்: அது மூச்செடுக்க மேலே வருவது, அதன் வால் மீன்வாலைப்போல் நிமிர்ந்திராமல் படுத்திருப்பது, தகப்பனாரின் தோணி. மகள் எங்களிடம் மெல்லச் சொன்னார்: "இங்க வந்த பிறகு அம்மா கடலைப் பற்றிக் கதைச்சது இண்டைக்குத்தான்."

திரும்பும்போது ஃபெரி வேண்டாமென்று எல்லோருமே வின்யாட் நிலையம்வரை நடந்தோம்.

அடுத்த முறை புளூ மவுண்டன்ஸ். வருவோர் முற்கூட்டியே பெயர் தாருங்கள். எதில் ஏற விருப்பமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.