வீணையின் பிறந்தகம்

திண்டிவனத்தில் என் தமக்கையார் இல்லத்தில் மூன்று தலைமுறையாக வாசிக்கப்பட்டுவரும் வீணையொன்றின்மேல், கூடத்துக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் சாத்தி வைத்திருந்த ஏணி சரிந்து விழ, யாளி முகத்தின் இடது காது பெயர்ந்ததோடு, குடமும் தண்டியும் கூடுமிடத்தில் மயிரிழையளவாக ஒரு கீறலும் கண்டது. காது போனதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. அது நாதத்துக்கு உதவும் உறுப்பன்று. கீறல்தான் எல்லோரையும் கலங்க வைத்தது. அந்த வீணை ஏகாண்டம், அதாவது குடம் முதல் தண்டி வரை ஒரே மரத்தில் குடைந்தெடுத்தது என்பது எங்கள் குடும்பத்தில் ஒருவரும் சந்தேகித்திராத விஷயம். ஏகாண்டமாயின் கீறல் மரத்தின் உடம்பிலேயே விழுந்ததாகும். தனித்தனியே செய்து கூட்டிய ஒட்டு வீணையாயின் பழைய ஒட்டு விட்டுப்போனது என்ற அளவோடு போகும். ஆகவே வைத்தியம் தொடங்குமுன் அதன் பிறப்பை விசாரித்தறிவது அவசியமாயிற்று. அந்த விசாரணையை நான் ஏற்றுக்கொண்டேன்.

விழுப்புரத்தில் கதவும் நிலையும் செய்யும் முதிய ஆசாரியார் ஒருவரிடம் முதலில் அதைக் கொண்டுபோனேன். அவர் கீறலைப் பார்ப்பதற்கு முன்பாகப் பிரடைகளைத் திருகி, வாசிப்புத் தந்தி நான்கையும் தாளத் தந்தி மூன்றையும் தளர்த்தினார். தந்தியின் இழுவை நிற்கும் வரையில் கீறல் வளர்ந்துகொண்டே போகும் என்றார். பிறகு காது பெயர்ந்த இடத்தில் உளிமுனையால் இலேசாகச் சுரண்டினார். கறுத்துச் சிவந்திருந்த மேல்பூச்சுக்கு அடியில், அரைத்த மஞ்சளைப் போன்ற நிறம் பளிச்சென்று தெரிந்தது. "பலாங்க ஐயா, சந்தேகமே இல்லை" என்றவர், பூதக்கண்ணாடியைக் கீறலின்மேல் பிடித்து வெகுநேரம் உற்றுநோக்கினார். குடத்து மரத்தின் ரேகை ஒரு திசையிலும் தண்டியின் ரேகை வேறொரு திசையிலும் ஓடின. இரண்டுக்கும் நடுவே பழுப்பு நிறத்தில் கண்ணாடிச் சில்லுப்போல ஏதோ மின்னியது. வெந்நீரில் நனைத்த துணியை அதில் ஒற்றியெடுத்ததும் அந்தச் சில்லு இளகிப் பிசுபிசுத்தது. "வஜ்ஜிரம். ஒடைஞ்சதில்லீங்க, ஒட்டு விட்டிருக்கு" என்றார். ஏகாண்டம் என்ற எங்கள் நம்பிக்கை அந்த ஒரு சொட்டு வெந்நீரில் கரைந்துபோயிற்று.

வஜ்ஜிரம் என்பது பிராணிகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சியெடுக்கும் பசை. உலர்ந்தால் இறுகப் பிடிக்கும். சூடும் ஈரமும் பட்டால் விட்டுக்கொடுக்கும். ஐரோப்பாவில் பிடில் செய்வோரும் இவ்வினத்துப் பசையையே இன்றளவும் கையாள்வதற்குக் காரணம், பின்னொரு காலத்தில் பழுது பார்ப்பவன் மரத்தைச் சேதப்படுத்தாமல் வாத்தியத்தைத் திறக்க முடியவேண்டும் என்பதுதான். இக்காலத்து இரசாயனப் பசைகளோ ஒட்டியதை ஒட்டியபடியே வைத்திருப்பவை. மறுபடி ஓர் அடி விழுந்தால் ஒட்டு நிற்க மரம் கிழியும். சிறு பழுதுதானே என்று அகப்பட்ட பசையைப் பூசிவிடுவது, பின்னால் வரும் தச்சனுடைய கையைக் கட்டிப்போடும் காரியம் என்பது என் திடமான அபிப்பிராயம். ஏகாண்டமே உயர்ந்தது, ஒட்டு அதற்குத் தாழ்ந்தது என்று பேசுவோர், பிரித்துச் செப்பனிட இடம்கொடுக்கும் குணத்தினாலேயே ஒட்டு வீணைகள் பல தலைமுறை தாண்டி நிற்கின்றன என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

வேலையைத் தஞ்சாவூரில் வீணை செய்பவர்களிடமே கொடுக்கும்படி ஆசாரியார் சொல்லிவிட்டார். காதுக்கு வேண்டிய மரத்துண்டை மட்டும் வழியிலேயே பண்ருட்டியில் வாங்கிக்கொள்ளச் சொன்னார். தேடலின் சுவையான பகுதி இங்கேதான் எனக்குத் தொடங்கிற்று. தஞ்சாவூர் வீணைக்குப் பலாமரம் போவது பண்ருட்டியிலிருந்துதான் என்பதை, விழுப்புரத்துக்கு இத்தனை சமீபத்திலிருந்தும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பழத்துக்காக நாம் கொண்டாடும் அந்தச் செம்மண் பூமி, காய்ப்பு ஓய்ந்த முதிய மரங்களை நாதத்துக்குத் தத்தம் செய்து வந்திருக்கிறது. கனம் குறைந்து, கறையான் எளிதில் அண்டாமல், அதிர்வை நன்கு ஏந்தும் மரம் அது. அதன் சீவலைக் காய்ச்சியெடுத்த சாயத்தில்தான் பர்மா முதலிய தேசங்களில் பௌத்த பிக்ஷுக்களின் ஆடைகளைத் தோய்த்தார்கள். விழுப்புரம், திண்டிவனம், பண்ருட்டி மூன்றும் பழைய தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்தவை. சென்னையிலிருந்து திண்டிவனம், விழுப்புரம், பண்ருட்டி, கடலூர், மாயவரம் வழியாகத் தஞ்சைக்குச் செல்லும் பழைய ரயில் பாதையும் மூன்றையும் ஒரே சரட்டில் கோத்திருந்தது. எங்கள் வீணைக்குத் தஞ்சாவூர் புக்ககமென்றால் பண்ருட்டியே பிறந்தகம்.

அந்தப் பண்ருட்டிக்கு அருகிலுள்ள திருவாமூரில் பிறந்த திருநாவுக்கரசர், இறைவன் திருவடி நிழலின் இன்பத்துக்கு உவமை சொல்லப் புகுந்தபோது முதலாவதாக வீணையையே நினைத்தார் என்பதும் அங்கே நிற்கையில் ஞாபகத்துக்கு வந்தது. அவர் கேட்ட வீணை இன்று நாம் காணும் வடிவத்ததன்று. இருபத்துநான்கு மெட்டுக்களை அசையாமல் நிறுத்தி, எந்த இராகத்தையும் மெட்டு மாற்றாமலே வாசிக்கும்படி இந்த வாத்தியம் அமைந்ததைத் தஞ்சையில் 1600 முதல் 1634 வரை ஆண்ட இரகுநாத நாயக்கருடைய காலத்தோடு சேர்த்துச் சொல்வது சம்பிரதாயம். ஆயினும் ஏழாம் நூற்றாண்டில் வீணையை அவ்வளவு உயர்வாகப் பேசிய மண்ணே பின்னாளில் வீணைக்கு மரம் கொடுக்கும் மண்ணாகவும் அமைந்ததை நினைத்து நினைத்து மகிழ்ந்தேன்.

2013ஆம் ஆண்டில் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் தஞ்சையில் நான் கண்ட பட்டறையில் பெருமைப் பேச்சு ஒன்றுமில்லை, வேலைதான் இருந்தது. ஒட்டை வெந்நீர் ஒற்றடத்தால் முழுதும் இளக்கிப் பிரித்து, பழைய வஜ்ஜிரத்தைச் சுரண்டியெடுத்து, புதியதைப் பூசிக் கூட்டி, கயிற்றைச் சுற்றி ஆப்பு முறுக்கி உலரவிட்டார்கள். தண்டி மறுபடி கூடும்போது இம்மியளவு நகர்ந்தாலும் சுருதி நில்லாதாகையால் மேளமும், அதாவது மெட்டுக்களின் வரிசையும், புதிதாகக் கட்டவேண்டியிருந்தது. தேன்மெழுகோடு கரித்தூள் சேர்த்து உருக்கிய கரிய மெழுகைத் தண்டியின் இரு விளிம்பிலும் வரப்பாக எழுப்பி, அது இளஞ்சூட்டில் இருக்கும்போதே ஒவ்வொரு மெட்டாகப் பதித்து, தந்தியை மீட்டிக் காதால் கேட்டு, நகத்தளவு தள்ளியும் இழுத்தும் பட்டறைப் பெரியவர் ஸ்வர ஸ்தானங்களை நிறுத்திய வேலைக்கு அவர் செவியைத் தவிர வேறு கருவி துணை நிற்கவில்லை. ஒரு காந்தாரத்துக்காக மட்டும் அவர் மூன்று முறை மெழுகைச் சூடேற்றினார். எனக்கு முதல் முறையே சரியாயிருந்ததாகத் தோன்றியது.

காதைப் பண்ருட்டித் துண்டில் செதுக்கி ஒட்டியபின், பழைய நிறத்துக்கு இசையச் சாயம் ஏற்றட்டுமா என்று கேட்டார். பலா தானாகவே நாளடைவில் சிவந்து கறுக்கும் மரமாதலால் மெல்லிய மெருகு மட்டும் போதுமென்று என் தமக்கையார் சொல்லியனுப்பியிருந்தார். அப்படியே செய்து கொடுத்தார்.