1,700 மணி நேரம்

கொஞ்சம் நீளமான பதிவு. ஒற்றை விரலால் தட்டுகிறேன். பிழை இருந்தால் யாரும் சிவப்பு மை எடுக்க வேண்டாம்.

2024 ஜனவரியில் அமெரிக்காவில் மினசோட்டாவில் இருக்கும் என் அக்கா மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே அம்மாவுக்கும் மகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பேத்தி காலேஜ் முடித்ததும் வேலைக்குப் போகாமல், அமெரிகார்ப்ஸ் என்ற அரசுத் திட்டத்தில் சேர்ந்து, ஒரு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு பிள்ளைக்கு இருபது நிமிஷம், அப்புறம் அடுத்த பிள்ளை. "கடன் வாங்கிப் படிச்சுட்டு சேவை செய்யப் போயிட்டா சித்தி. நீங்களாவது சொல்லுங்க" என்றாள் இவள்.

ராணுவத்தில் இருந்து வந்தவர்களுக்குப் படிப்புச் செலவு கொடுக்கும் சட்டம் அந்த நாட்டில் 1944இலேயே வந்துவிட்டது. துப்பாக்கி தூக்காமல் ஊருக்கு உழைப்பவர்களுக்கும் அதுபோல ஒன்று வேண்டும் என்று 1993இல் சட்டம் போட்டார்கள். முழு நேரக் கணக்கு 1,700 மணி நேரம். கைச்செலவுக்கு ஒரு சிறு தொகை தருவார்கள். முடித்தால் படிப்புக்கென்று தனியாக ஒரு தொகை. அது கையில் வராது, நேராகக் கல்லூரிக்கோ படிப்புக் கடனுக்கோ போகும். ஏழு வருஷத்துக்குள் பயன்படுத்த வேண்டும். அதற்கு வருமான வரியும் உண்டு (அங்கேயும் விட மாட்டார்கள்!). தக்க காரணம் இல்லாமல் பாதியில் விட்டால் ஒன்றும் கிடையாது.

அந்த நேரம் பார்த்து நல்ல சம்பளத்தில் ஒரு வேலை வந்தது. "சின்னப் பாட்டி, நான் என்ன பண்ண?" என்று கேட்டாள். முப்பத்தைந்து வருஷம் வாத்தியார் வேலை பார்த்த எனக்கு வாய் வரவில்லை.

காரணம் சொல்கிறேன். 1991இல் நம் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பிளஸ் டூ முடித்த என் மாணவி ஒருத்தியை நான்தான் தொண்டராகச் சேர்த்துவிட்டேன். அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில், அவள் தெருப் பெண்களுக்கு ராத்திரி ராத்திரி எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். சம்பளம் கிடையாது. "இதெல்லாம் உனக்குப் பின்னாடி உதவும்டா" என்று யாரும் சொல்லாததை நானாகச் சொன்னேன். அவளுக்கு ஆசிரியர் பயிற்சி படிக்க ஆசை. அரசு இடத்துக்கு மார்க் போதவில்லை, தனியாரில் சேர்க்க அப்பாவிடம் பணமில்லை. அறிவொளிச் சான்றிதழோடு அலைந்தாள். அதற்கு எங்கேயும் மதிப்பில்லை. மறு வருஷம் கல்யாணம் ஆகிவிட்டது. பத்திரிகை கொடுக்க வந்தபோது அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அதனால் பேத்தியிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "முடிச்சா தருவோம்னு எழுத்துல இருக்கா?" கணினியைத் திறந்து ஒப்பந்தத்தைக் காட்டினாள். மணிக்கணக்கும் இருந்தது, தொகையும் இருந்தது. கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தேன். "அப்படின்னா முடிச்சிடு" என்றேன். அக்கா மகள் ஒரு வாரம் என்னோடும் சரியாகப் பேசவில்லை. பேத்தி ஜூலையில் முடித்தாள். பணம் படிப்புக் கடனுக்குப் போய்விட்டது. கடன் முழுசாகத் தீரவில்லை, ஆனால் பாரம் குறைந்தது.

அங்கே இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு தகவல்: இதில் சேரக் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு வேண்டும். 55 வயதுக்கு மேல் சேர்ந்தால், அந்தத் தொகையைப் பிள்ளைக்கோ பேரப்பிள்ளைக்கோ மாற்றிக் கொடுக்கவும் வழி இருக்கிறது.

ஊர் திரும்பியதும் அந்த மாணவிக்கு போன் போட்டேன். அவள் மகள் கொரோனாவுக்குப் பிறகு இல்லம் தேடிக் கல்வி மையம் நடத்தினாளாம். "மாசம் ஆயிரம் ரூபா குடுத்தாங்க டீச்சர், அதுல பரீட்சைப் பீஸ் கட்டிக்கிட்டா" என்றாள். நான் 1991ஐப் பற்றிப் பேச்செடுத்தேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அந்தச் சான்றிதழ் பெட்டியிலதான் இருக்கு டீச்சர். ஓரம் மட்டும் கரையான் அரிச்சிருச்சு" என்றாள்.